அந்தப் பிள்ளைக்கு அது முடியுமா?

இந்த இதழை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. "பிள்ளை வளர்ப்பா? நமக்கு எதுக்கு இப்ப?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாசார் மாலாம் போகிறவர் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் முப்பது வாண்டுகளை உட்கார வைத்துத் தேவாரம் சொல்லிக்கொடுக்கப் போராடுகிறவரும் நீங்கள்தான். பெற்றோர் ஆவதற்கு முன்பே பிள்ளைகள் நம் கைக்கு வந்துவிடுகிறார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு மூன்று. நம் கிளையின் சமய வகுப்பிலும் ஆறு வருடமாக இருக்கிறேன். வீட்டிலும் வகுப்பிலும் என்னை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்றுதான். சின்னப் பிள்ளை ஒரு தப்பு செய்தால், அதை யார் கணக்கில் எழுதுவது?

நம் வீடுகளில் இந்தக் கணக்கை முடித்துவைக்க ஒரே ஒரு சொல் இருக்கிறது. 'வேணும்னே'. "அவன் வேணும்னே செய்யறான்." பேரங்காடியில் தரையில் விழுந்து புரண்டு அழுகிற மூன்று வயதுப் பையனைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கும் ஆன்ட்டி சொல்வது இதைத்தான். என் மகன் விஷயத்திலேயே கேட்டிருக்கிறேன்: "தம்பி, இப்பவே ரோத்தான் காட்டி அடக்கி வைக்கலன்னா நாளைக்குத் தலைக்கு மேல ஏறிடுவான்." அவர் கெட்டவர் இல்லை. தன் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒன்றை 'வேணும்னே' செய்ய என்னென்ன வேண்டும்? செய்யக்கூடாது என்ற விதி அந்த நேரத்தில் மனதில் நிற்க வேண்டும். கை போகும்போது அதை இழுத்து நிறுத்தும் பலம் வேண்டும். நான் செய்வது அடுத்தவருக்கு எப்படி இருக்கும் என்று அவர் இடத்தில் நின்று பார்க்கத் தெரிய வேண்டும். மூன்றும் இருந்து, மூன்றையும் தள்ளிவிட்டுச் செய்தால்தான் அது வேணும்னே. இந்த மூன்றும் மூன்று வயதில் இருக்கிறதா?

1996-இல் பிலிப் ஜெலாசோ என்ற மனவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், காசு செலவு இல்லை. நிறமும் உருவமும் உள்ள சீட்டுகள். முதலில் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும்: சிவப்பு இங்கே, நீலம் அங்கே. மூன்று வயதுப் பிள்ளை அழகாகப் பிரிக்கும். பிறகு, "இப்ப நிறம் வேணாம், உருவத்தைப் பார்த்துப் பிரி" என்று விதியை மாற்ற வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடியும் நிறத்தைப் பார்த்தே போடும். இதில் வியப்பு என்னவென்றால், "இப்ப விளையாட்டு எப்படி? முயல் எங்க போகணும்?" என்று கேட்டால் சரியாகச் சொல்லும். வாய் புது விதியைச் சொல்லும், கை பழைய விதியைச் செய்யும். நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

நான் இதை என் மகனிடம் செய்து பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது போலவே நடந்தது. உருவம் என்று தானே சொல்லிவிட்டு, நிறத்தில் போட்டுவிட்டு, பெருமையாக என் முகத்தைப் பார்த்தான்.

யோசித்துப் பாருங்கள். "சுவத்துல கிறுக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" "சொன்னீங்க." "தெரிஞ்சும் ஏன் கிறுக்கின?" இந்த விசாரணை நம் எல்லார் வீட்டிலும் நடந்திருக்கும். 'தெரிஞ்சும்' என்ற இடத்தில்தான் அடி விழும். தெரியும் என்பதும் முடியும் என்பதும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்களுக்கே அது ஒன்றில்லை. சர்க்கரை வியாதி இருக்கும் நம் மாமாவுக்குத் தே தாரிக் பற்றித் தெரியாததா?

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் மூளை பெரியவர் மூளையின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆறு வயதுக்குள் அது பெரியவர் மூளையின் அளவை நெருங்கிவிடும், ஏறத்தாழ 90 விழுக்காடு. "மூளை வளர்ந்துடுச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். அளவு வேறு, இணைப்பு வேறு. நம் தாத்தா பாட்டி காலத்து எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் எங்கே பார்த்தாலும் ஒற்றையடிப் பாதை. ஆள் நடக்க நடக்கச் சில பாதைகள் செம்மண் சடக்காகும். லாரி ஓட ஓட, ஒருநாள் தார் போடுவார்கள். ஆள் நடக்காத பாதையை லாலான் புல் மூடிவிடும். மூளையிலும் இப்படித்தான். பயன்படும் இணைப்புகளைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று படிகிறது, செய்தி வேகமாக ஓடுகிறது. பயன்படாதவை கழிந்துபோகின்றன.

இந்தத் தார் போடும் வேலை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பயத்தை உணர்ந்து அலாரம் அடிக்கும் அமிக்டலா போன்ற உள்பகுதிகள் சீக்கிரமே வேலைக்கு வந்துவிடுகின்றன. 'இரு, அவசரப்படாதே' என்று கையைப் பிடிக்கும் பகுதி நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதுதான் கடைசி. அமெரிக்காவில் ஜே கீட் என்ற மருத்துவர் குழு 1991-இல் தொடங்கி, ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரவழைத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. நெற்றிப் பகுதியின் முதிர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்வது அதில் தெரிந்தது. ஆக, மூன்று வயதுப் பையன் ஓட்டும் வண்டியில் ஆக்சிலரேட்டர் கம்பெனிப் புதுசு, பிரேக் இன்னும் பொருத்தவில்லை. அந்த வண்டி மோதினால் 'வேணும்னே மோதினான்' என்று எழுதுகிறோம்.

இனி பொய்க்கு வருவோம். பெற்றோர்கள் என்னிடம் அதிகமாகக் குறைப்பட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான். "நாலு வயசுலயே பொய் சொல்றா, தம்பி. எங்க கத்துக்கிட்டான்னே தெரியல."

1983-இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி என்ற பையன் தன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறார். மாக்சி திரும்பி வந்ததும் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை, சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டும். எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்பதுதான் அந்த வயதின் ஞானம். நான்கு, ஐந்து வயதில்தான், 'எனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாது, அவன் பழைய இடத்துலதான் தேடுவான்' என்பது புரியத் தொடங்குகிறது.

நம்பும்படியாகப் பொய் சொல்ல இந்த அறிவு தேவை. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று புரிந்தால்தானே மறைக்க முடியும்? அதே அறிவு இரக்கத்துக்கும் துணை செய்கிறது. தம்பிக்கு வலிக்கும், எனக்கு வலிக்காவிட்டாலும் அவனுக்கு வலிக்கும் என்று தெரிவதற்கும் அதே கதவு உதவுகிறது. என் மகள் முதல் முதலாக மைலோ டின்னைத் திறந்து வாயெல்லாம் பூசிக்கொண்டு "நான் இல்ல" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பொய் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதுப் பொய் ஒரு புதுக் கதவு திறந்த சத்தம் என்கிறேன். (கண்ணன் வெண்ணெய் எடுத்தால் லீலை என்று மெய்மறந்து பாடுகிறோம். நம் வீட்டுக் கண்ணன் மைலோ எடுத்தால் மட்டும் திருட்டு!)

இங்கே ரோத்தானைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு பள்ளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்றில் பிரம்படி தினசரி நடப்பது. மற்றதில் அடி கிடையாது, கண்டிப்பு மட்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, பின்னால் ஒரு பொம்மை இருக்கிறது, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்ப்பதில் இரண்டு பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "பார்த்தியா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பிரம்புப் பள்ளிப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பொய் சொன்னார்கள். அடுத்தடுத்துக் கேள்வி கேட்டபோதும் அந்தப் பொய்யைத் திறமையாகக் காப்பாற்றினார்கள். அடி அவர்கள் கழுத்தைத் திரும்பாமல் செய்யவில்லை. நாக்கைத்தான் பழக்கியது.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். கெட்டா போயிட்டோம்?" என்பது அடுத்து வரும் பதில். அந்தக் கேள்வியில் ஒரு பாசம் இருக்கிறது, அம்மா அப்பாவைக் குற்றம் சொல்ல விடமாட்டேன் என்ற பாசம். நானும் சொல்லமாட்டேன். விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் போனவர்கள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனவர்கள், திரும்பி வந்து சோறாக்கி, ஐந்தாறு பிள்ளைகளைத் தூங்க வைத்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது அந்த வழி ஒன்றுதான். ஆனால் நாம் நன்றாக வந்தது அடியாலா, அந்த அடியையும் மீறி அவர்கள் நமக்காக உழைத்ததாலா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. பாட்டி அடித்ததை நினைத்து யாரும் அழுவதில்லை. அடித்த பிறகு எண்ணெய் தடவிவிட்டதைச் சொல்லித்தான் அழுகிறோம்.

சரி, இதில் நம் சமயம் என்ன சொல்கிறது? மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் மாண்டவ்யர் என்ற முனிவரின் கதை வருகிறது. சொற்பொழிவுகளில் அதிகம் வராத கதை, அதனால் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன். மாண்டவ்யர் மௌன விரதத்தில் இருக்கிறார். கொள்ளையடித்துவிட்டு வந்த திருடர்கள் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்துவிட்டுத் தாங்களும் ஒளிந்துகொள்கிறார்கள். காவலர் வந்து கேட்க, விரதத்தில் இருப்பவர் பதில் சொல்லவில்லை. அவரையும் திருடன் என்று கழுமரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தவ பலத்தால் உயிர் போகவில்லை. உண்மை தெரிந்து அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறான். கழுவை உருவ முடியாமல் அறுத்துவிடுகிறார்கள். ஒரு துண்டு உடம்பிலேயே நின்றுவிட, அவர் ஆணி மாண்டவ்யர் ஆகிறார்.

அவர் நேராகத் தர்மதேவதையிடம் போய்க் கேட்கிறார்: நான் செய்த எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை? தர்மன் கணக்கைப் பார்த்துச் சொல்கிறான்: நீ சின்ன வயதில் ஒரு பூச்சியின் வாலில் புல்லைக் குத்தினாய். மாண்டவ்யருக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. அறியாப் பிள்ளை செய்ததற்கு இந்தத் தண்டனையா? நீ மண்ணில் மனிதனாகப் போய்ப் பிற என்று தர்மனுக்கே சாபம் கொடுக்கிறார். அதோடு ஒரு விதியையும் வகுக்கிறார்: பதினான்கு வயது வரை ஒரு பிள்ளை செய்யும் எதுவும் பாவமாகாது. சாபப்படி தர்மன் விதுரனாகப் பிறக்கிறான்.

இந்தக் கதையை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கர்மா பற்றி நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்பதுதான். இங்கே ஒரு முனிவர் அந்தக் கணக்கு எழுதுகிறவனையே நிறுத்தி, எழுதுகிற வயது தப்பு என்கிறார். கணக்கு எழுதுகிறவனும் ஏற்றுக்கொள்கிறான். தர்மமே ஒரு பிள்ளையைத் தண்டித்ததற்காகத் தண்டிக்கப்பட்டது!

நம் நாட்டுச் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 82-ஆவது பிரிவுப்படி 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது. 10-க்கும் 12-க்கும் இடையில் என்றால், செய்ததன் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்கிறது 83-ஆவது பிரிவு. சிங்கப்பூரில் 7 என்று இருந்த வயதை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் 10 ஆக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த 83-ஆவது பிரிவுதான். வயதை மட்டும் எண்ணாமல், அந்தப் பிள்ளைக்கு அது முடியுமா என்று நீதிமன்றத்தையே கேட்க வைக்கிறது. அந்தக் கேள்வியை நம் வீட்டு ஹாலில் கேட்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு தம்பி என்னை மடக்கினான். இடைநிலைப் பள்ளி மாணவன், வாதத்தில் கெட்டிக்காரன். "அண்ணே, எல்லாம் மூளைதான்னா, பெரியவங்க செய்யற தப்பும் மூளைதானே? அப்புறம் யாரையுமே தப்பு சொல்ல முடியாதே?" நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். பொறுப்பு என்பது சுவிட்ச் மாதிரி இல்லை, ஒருநாள் தட்டினால் எரிய. அது முடிவதோடு சேர்ந்து வளர்கிறது. எனக்கு நிறுத்த முடிகிறது, யோசிக்க முடிகிறது, அடுத்தவர் இடத்தில் நிற்க முடிகிறது. அதனால் என் தப்பு என் கணக்கில்தான். மூன்று வயதுப் பிள்ளையும் முப்பத்தைந்து வயது அப்பாவும் ஒரே அறையில் கத்திக்கொண்டிருந்தால், அந்த அறையில் நிறுத்த முடிகிறவர் ஒருவர்தான் இருக்கிறார். பொறுப்பு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

அதற்காகப் பிள்ளையை எதற்கும் கேட்காமல் விடுவதா? இல்லை. கிறுக்கிய சுவரைத் துணி கொடுத்து என் மகனோடு சேர்ந்துதான் துடைக்கிறேன். பாகவதத்தில் யசோதை கோலை எடுத்துக்கொண்டு கண்ணனைத் துரத்துகிறாள். பிடித்த பிறகு பிள்ளையின் கண்ணில் பயத்தைப் பார்க்கிறாள். உடனே கோலைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். ஆனால் வெண்ணெய் விஷயத்தை விட்டுவிடவில்லை, உரலில் கட்டப் போகிறாள். கட்டும் கயிறு எத்தனை தடவை சேர்த்தாலும் இரண்டு விரற்கடை குறைகிறது. நாம் இந்தக் கயிற்றைப் பற்றியே பேசிப் பேசி, அவள் கோலைப் போட்டதை மறந்துவிட்டோம்.

அடக்கம் என்பது பிள்ளைக்குள் மட்டும் இருக்கும் சரக்கு என்பதையும் நான் நம்புவதில்லை. 2013-இல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 3 முதல் 5 வயது வரையான 28 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலில் ஒரு பெரியவர், "இரு, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "இல்லையே, மன்னிச்சுக்க" என்றார். பிறகு அந்தப் பழைய இனிப்புச் சோதனை: இப்போது சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். சொன்ன வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சுமார் 3 நிமிடம்தான். ஏமாந்த பிள்ளையைப் பார்த்து 'பொறுமை இல்லாத பிள்ளை' என்றா சொல்வது? அது கணக்குத் தெரிந்த பிள்ளை.

நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெறுங்கையோடு வருகிறோம்? "அப்புறம் வாங்கித் தர்றேன்." "ஊசி வலிக்கவே வலிக்காது." "சாப்பிடலன்னா போலீஸ்காரன் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்." சாயங்காலம், பொய் சொன்னதற்காக அதே பிள்ளைக்கு அடி.

இந்த வரிசையில் எனக்கு ஆகவே ஆகாதது ஒன்று உண்டு. "சாமி கண்ணைக் குத்தும்." இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, இளைஞர்களே. நம் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி சன்னிதி முன்னால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். பக்தி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தீபாராதனை முடிந்ததும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "பார்த்தா குத்திடும்" என்றாள். அந்த வயதுக்குச் சொல் என்றால் சொல்தான். உவமை, மிரட்டல், சும்மா சொன்னது என்ற பிரிவெல்லாம் கிடையாது. நம் ஊர்க் கோயில்களில் முனீஸ்வரர் கையில் அரிவாளோடு நிற்கிறார், காளியம்மன் கையில் சூலம். பெரியவனுக்கு அது காவல். கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது ஆயுதம், அதுவும் தன் கண்ணுக்கு நேரே. பயம் மூளையில் சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும் சடக்கு என்று மேலே சொன்னேனே, அந்தச் சடக்கில் கடவுளை ஏற்றி அனுப்புகிறோம். பதினெட்டு வயதில் பையன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான் என்று பிறகு கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் வகுப்பில் தொண்டர்கள் யாரும் சொல்லக்கூடாது என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். மற்ற கிளைகளும் செய்யலாம்.

பயமில்லாமல் எப்படி அமைதியாக்குவது என்று கேட்பீர்கள். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்பவர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயை, திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்கச் சொன்னார். ஓரிரண்டு நிமிடம்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் கொடுக்கும். பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது துவண்டுவிடும். தாய் அதைத் தொடவில்லை, திட்டவில்லை. முகம் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிள்ளை தன் அமைதியை நம் முகத்திலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஆகவே தரையில் புரளும் மகனோடு நான் செய்வது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் குந்துகிறேன். குரலைக் குறைக்கிறேன். "கோவம் வந்துடுச்சு, இல்ல? அப்பா இங்கதான் இருக்கேன்." ஐஸ்கிரீம் வாங்கித் தருவதில்லை. சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். ஆன்ட்டிகள் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

விதுரனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பெரிய பிள்ளைகள் வகுப்பில் இப்போது நடக்கும் சண்டை அவரைப் பற்றித்தான். துரியோதனன் சிறுவனாக இருக்கும்போதே பீமனுக்கு விஷம் வைத்துக் கங்கையில் தள்ளிவிடுகிறான். மாண்டவ்யர் போட்ட விதிப்படி அது பாவமா, இல்லையா? ஒரு கட்சி, "திட்டம் போட்டுச் செஞ்சான், வேணும்னேதான்" என்கிறது. எனக்கும் மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. பூச்சி வாலில் புல் குத்துவதும் சாப்பாட்டில் விஷம் கலப்பதும் ஒன்றில்லை. மற்றக் கட்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அண்ணே, அவங்க அப்பாவுக்குக் கண் தெரியாது. அம்மா கண்ணைக் கட்டிக்கிட்டாங்க. அவன் முகத்தை யார் பார்த்தா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் கட்சியில் ஒருவன், "விதுரர் இருந்தாரே" என்றான். இருந்தார். ஆனால் துரியோதனன் பிறந்த அன்று நரிகள் ஊளையிட்டபோது, குலத்துக்கு ஆகாத இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடு என்று அண்ணனுக்குச் சொன்னவர்களில் விதுரரும் ஒருவர். ஒரு பிள்ளையை அவசரப்பட்டுத் தீர்ப்பிட்டதற்காக மண்ணில் பிறந்த தர்மன், தொட்டிலில் கிடந்த இன்னொரு பிள்ளைக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். நடந்ததைப் பார்த்தால் விதுரர் சொன்னதுதான் சரி என்று ஒரு கட்சி. அன்றைக்கே ஒதுக்கிப் பேசப்பட்ட பிள்ளை வேறு எப்படி வளரும் என்று இன்னொரு கட்சி. இரண்டு ஞாயிறு போய்விட்டது, இன்னும் முடியவில்லை.